டிராக்டருக்குச் சுமைக் கவை

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை வாளையாற்றைக் கடந்தவுடன் நம்மை வரவேற்கும் தொழிலூர் கஞ்சிக்கோடு. மலைத்தொடர் இடைவெளி விட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலிலே அமைந்த இவ்வூரில் இரும்பை உருக்குவோர், உருட்டுவோர், அறுப்போர், ஒட்டுவோர் என்று பலரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். சற்றுத் தொலைவில் சித்தூர்ப் பக்கத்து நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் இருக்கின்றன. ஆலையின் சரக்கும் வயலின் விளைவும் அருகருகே குவியும் இத்தகைய இடத்தில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. வீட்டில் டிராக்டர் நிற்கின்றது. களத்தில் மூட்டை கிடக்கின்றது. இடையில் மனிதனின் முதுகு மட்டும் ஏன் வளைய வேண்டும்?

ஆலைகளில் சரக்கைத் தரையில் வைப்பதில்லை. பேலட் என்னும் மரத்தட்டின் மீது அடுக்குகின்றனர். தட்டின் அடியில் ஏறத்தாழ 10 செ.மீ. உயரத்துக்கு இடைவெளி உண்டு. அதனுள் இரண்டு இரும்புக் கரங்களை நுழைத்துத் தூக்கிவிட்டால் இருபது மூட்டையும் ஒரே மூட்டையாகிவிடும். இக்கரங்களுக்குப் பட்டறையில் 'ஃபோர்க்' என்று பெயர். அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளர் 'முட்கரண்டி' என்று எழுதிவிடக் கூடும். அது உணவுத் தட்டுக்கு உரியது. இரு கிளையாகப் பிரிந்த கொம்பைக் 'கவை' என்பது நம் நாட்டு வழக்கு. ஆதலின் கவை என்றே இங்குக் கூறுவோம்.

டிராக்டரின் பின்புறம் ஏரை மாட்டும் மும்முனை இணைப்பே நமக்கு உதவப் போகும் உறுப்பு. அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் இதனைச் செம்மைப்படுத்தினார். 1939-இல் போர்டு டிராக்டர்களின் வழியே இது பெருமளவில் பரவியது. 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செய்யத் தொடங்கிய நாள்முதல் நம் உழவரும் இதனை நன்கறிவர். கீழே இரண்டு தண்டுகள், மேலே 'டாப் லிங்க்' என்னும் ஒன்று. கீழ்த்தண்டுகளை எண்ணெய் அழுத்தம் தூக்குகின்றது. ஏருக்குப் பதிலாகக் கவை பூட்டிய சட்டத்தை அங்கே மாட்டுவதுதான் நம் திட்டம்.

சட்டத்தின் அளவுகளை மனம்போன போக்கில் வைத்தல் ஆகாது. இவ்விணைப்பில் முதல் வகை, இரண்டாம் வகை என உண்டு. முதல் வகையில் கீழ் ஊசிகள் 22 மி.மீ. பருமனும் மேலூசி 19 மி.மீ. பருமனும் கொண்டவை, இரண்டாம் வகையில் முறையே 28, 25 மி.மீ. முதல் வகைக்குக் கீழ்முனைகளின் இடையகலம் 683 மி.மீ.; கீழூசிக்கும் மேலூசிக்கும் உள்ள உயரம் 460 மி.மீ. ஆயினும் டிராக்டரின் பந்துத் துளையைத் தம் கையால் அளந்து பார்த்த பின்னரே இரும்பை அறுக்க வேண்டும். பெரிய துளையில் சிறிய ஊசியைப் போட்டு ஆட்டம் காண விடுவது உடைவுக்கு இடும் அழைப்பு.

சட்டத்தைச் சானல் இரும்பால் செய்துவிடலாம். அதனைச் செய்ய வல்ல பட்டறைகள் எவ்வூரிலும் உண்டு. கவையைப் பற்றித்தான் சிந்திக்க வேண்டும். 100 மி.மீ. அகலமும் 30 மி.மீ. தடிப்பும் உள்ள பட்டை இரும்பை 'ட' போல் ஒட்டினால் போதும் என்பார் பலர். 500 கிலோ சுமை இரு கவைகளிலும் சமமாக அமர்ந்து, அதன் நடு கவையின் குதியிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்குமாயின், சாதாரண எஃகு நிலையாக வளைந்துவிடும் எல்லையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை அது அப்போதே எட்டிவிடும். ஓட்டத்தில் சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும் குலுக்கல் சுமையை இருமடங்காக்கினால் எஞ்சுவது மிகச் சிறிதே. இதற்கு மாறாக 75 மி.மீ. சானல் இரண்டை வாயோடு வாய் பொருத்திப் பெட்டியாக ஒட்டினால், எடை பட்டையைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். வளைவைத் தாங்கும் ஆற்றலோ இரண்டரை மடங்குக்கு மேல் உயரும். ஆனால் 10 செ.மீ. இடைவெளியில் 7.5 செ.மீ. கரத்தை நுழைக்க ஓட்டுநரின் கண் தவறக் கூடாது. மேலும், கரம் எவ்வளவு வலியதாயினும் குதியில் உள்ள ஒட்டு வலிமை குன்றினால் பயனில்லை.

ஆகவே கவையை மட்டும் வாங்கிவிட்டுச் சட்டத்தைத் தாமே செய்துகொள்வதே அறிவுடைமை என்பது நம் கருத்து. சுமைதூக்கி வண்டிகளிலிருந்து கழித்த கவைகள் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும். இவை அடித்து உருவாக்கிப் பதப்படுத்திய எஃகு. மேலும் கீழும் கொக்கி உடையவை. 1,000 முதல் 2,500 கிலோ வரைக்குரிய இரண்டாம் வகுப்புக் கவைகள் 407 மி.மீ. உயரமுள்ள சட்டத்தில் மாட்டிக் கொள்ளும். வாங்கும்போது குதியின் தடிப்பை அளக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் ஒதுக்கிவிடுக. வலிமை தடிப்பின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், பத்தில் ஒன்று தேய்ந்த கவை வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றை இழந்திருக்கும். அக்கவையின் மீது வெல்டிங் பிடிப்பதோ, சூடேற்றி நிமிர்த்துவதோ கூடவே கூடாது; பதம் கெட்டுவிடும்.

இனி, உயிரோடு தொடர்புடைய கணக்கு ஒன்று. டிராக்டரின் பின் அச்சை ஏற்றத்தின் தாங்குகால் போல் எண்ணிக்கொள்க. பின்னால் சுமை இறங்க இறங்க முன்சக்கரம் மேலெழ முயலும். 1,800 கிலோ எடையுள்ள ஒரு டிராக்டரை எடுத்துக்கொள்வோம். அச்சுகளின் இடைத்தொலைவு 1.8 மீட்டர், முன்சக்கரங்களின் மேல் நிற்பது 720 கிலோ. பின்னச்சிலிருந்து சுமையின் நடுவுக்கு 1.5 மீட்டர். சட்டமும் கவையும் 120 கிலோ; அவற்றின் நடு 1.1 மீட்டரில் உள்ளது. 500 கிலோ தூக்கினால் முன்சக்கரத்திலிருந்து குறைவது 490 கிலோ. எஞ்சுவது வெறும் 230. திருப்பும் சக்கரம் நிலத்தைப் பற்ற டிராக்டர் எடையில் ஐந்தில் ஒன்றேனும், அதாவது 360 கிலோ, முன்னால் நிற்க வேண்டும் என்பது பொதுவிதி. 300 கிலோ தூக்கினால் 397 எஞ்சும், அது பொருந்தும். எனவே இந்த டிராக்டர் நம்பத்தக்க வகையில் எடுத்துச் செல்வது 50 கிலோ மூட்டை ஆறு. முன்னச்சுக்கு 60 செ.மீ. முன்னால் 100 கிலோ எடைக்கட்டி மாட்டினால் 133 கிலோ கூடும். அப்போது 10 மூட்டை வரை போகலாம். இது சமதளத்துக் கணக்கு. மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் இன்னும் இலேசாகும். ஆதலின் சுமையோடு ஏற்றத்தில் பின்னோக்கிச் செல்வதே நன்று.

தூக்கும் திறன் 1,500 கிலோ என்று விற்பனைத் தாளில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. அது பெரும்பாலும் தண்டின் நுனியில் அளந்தது, 61 செ.மீ. பின்னால் அளந்த எண் சிறியதாக இருக்கும். அவ்வெண்ணையும் வாங்கிப் பார்க்க வேண்டும். உயரமும் எல்லைக்குட்பட்டதே. தண்டுகள் முழங்கால் அல்லது தொடை அளவுக்கே எழும். லாரித் தட்டை எட்டா. களத்திலிருந்து கிடங்குக்குத் தட்டோடு நகர்த்துவதே இக்கருவிக்குரிய பணி.

சட்டம் தயாரானதும் முதலில் வெறுமையாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். பின் மணல் மூட்டையைச் சிறிது சிறிதாக ஏற்றி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, ஒட்டுகளை நோக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை அறியப் பழைய முறை ஒன்றுண்டு. மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டியைப் பூசுக. வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து கோடு காட்டும். வாரம் ஒருமுறை செய்தாலும் மிகையன்று.

கேரளத்தில் வாழும் நம்மவருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. அங்குச் சுமைத் தொழிலாளர்க்கென 1978-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. வேலை செய்யாமல் பார்த்துநின்று பெறும் 'நோக்குக்கூலி' 2018 மே முதல் நாளில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. இப்பொறி ஒருவரது கூலியைத் தொடுகின்றது என்பதை மறைப்பதற்கில்லை. அதற்காக முதுகை முறிக்கும் சுமையைப் போற்றவும் நம்மால் இயலாது. ஒரு மனிதன் வழக்கமாகத் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பன்னாட்டுத் தொழில் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. தட்டில் அடுக்கவும் இறக்கவும் ஆட்கள் வேண்டியிருப்பதால் அவர்களோடு முன்கூட்டியே பேசி முறை வகுத்துக்கொள்வது பிணக்கைத் தவிர்க்கும்.

ஓட்டுநர் சுமையைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கம் நோக்கி, நடைவேகத்தில் செல்ல வேண்டும். தூக்கிய கவையின் கீழ் எவரும் நிற்கலாகாது. கவை மீது ஏறி மரக்கிளை வெட்டுவது பலரும் செய்வதாயினும் அறவே விலக்கத்தக்கது. நெடுஞ்சாலையில் ஏறுமுன் கவைகளைக் கழற்றிவிடுக. இருளில் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர் கண்ணுக்கு அவை ஈட்டி முனை போல்தான் நீண்டிருக்கும், அதுவும் மிக அருகில் வந்த பின்னரே தெரியும்.