பொட்டும் பிடரியும்: எலும்புக் கவசம் மெலியும் இரண்டு இடங்கள்

1998 பிப்ரவரி 20. டாக்கா பங்கபந்து மைதானத்தில் உள்ளூர் கிளப் கிரிக்கெட் ஆட்டம். ஆபஹனி அணிக்கு ஆடிய இந்திய வீரர் ராமன் லம்பா, ஓவரில் சில பந்துகளே மீதமிருந்ததால் ஹெல்மெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மட்டையாளருக்கு மிக அருகிலுள்ள ஷார்ட் லெக்கில் போய் நின்றார். ஓங்கி அடிக்கப்பட்ட பந்து அவர் தலையில் பட்டுத் தெறித்தது. விழுந்தவர் எழுந்து, நடந்தே உடைமாற்றும் அறைக்குப் போனார். அதன்பிறகுதான் நிலைமை மோசமானது. மண்டைக்குள் ரத்தக்கசிவு, அறுவைச் சிகிச்சை நடந்தும் சில நாட்களில் இறந்துபோனார். வயது 38.

அடிபட்டவர் எழுந்து நடக்கிறார், பேசுகிறார், பிறகு சாய்கிறார். நம் ஊர்ச் சாலை விபத்துகளிலும் இதைக் கேள்விப்படுகிறோம். “நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தார்” என்று வீட்டார் கதறுவார்கள். இப்படி நடப்பதற்கான காரணம் மண்டையோட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

வளர்ந்த மனிதருக்கு 206 எலும்புகள். அவற்றில் 80 உடலின் நடுக்கோட்டை ஒட்டி நிற்பவை. பாடநூல்கள் இவற்றை அச்சுச் சட்டகம் என்கின்றன. மண்டையோட்டில் 22, இரு காதுகளுக்குள்ளும் சேர்த்து 6, நாக்கின் அடியில் வேறெந்த எலும்போடும் மூட்டுச் சேராத ஒன்று, முதுகெலும்புத் தொடரில் 26, மார்புக்கூட்டில் 25. மூளை, தண்டுவடம், இதயம், நுரையீரல் எல்லாம் இவற்றின் காவலில்தான் இருக்கின்றன. ஆனால் இந்தக் காவல் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இல்லை.

புருவத்தின் வெளிமுனைக்குச் சற்றுப் பின்னால், கன்ன எலும்பு வளைவுக்கு இரண்டு விரற்கடை மேலே தொட்டுப் பாருங்கள். அதுதான் பொட்டு. நெற்றி எலும்பு, உச்சிப் பக்க எலும்பு, காதுப் பக்க எலும்பு, மண்டையின் அடித்தளத்திலிருந்து மேலேறி வரும் ஆப்பெலும்பு ஆகிய நான்கும் இங்கேதான் சந்திக்கின்றன. மருத்துவக் கல்லூரியில் உலர்ந்த மண்டையோட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், பின்மண்டைப் பக்கம் இருண்டு கிடக்க, பொட்டுப் பக்கம் வெளிச்சம் ஊடுருவும். அவ்வளவு மெல்லிய எலும்பு. ஓட்டைத் திறந்து உட்புறம் பார்த்தால் கிளைவிட்டுப் பரவும் ஒரு பள்ளம் தெரியும். மூளையுறைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி பதிந்து ஓடிய தடம் அது. மண்டையின் மிக மெல்லிய இடங்களில் ஒன்றும் ஒரு தமனியும் இப்படி அடுத்தடுத்து அமைந்திருப்பதுதான் ஆபத்து.

எலும்பு விரிசல் விட்டால் அதன் விளிம்பு தமனியைக் கிழிக்கக்கூடும். கசியும் ரத்தம், எலும்போடு ஒட்டியிருக்கும் மூளையுறையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துக்கொண்டு சேர்கிறது. அதற்கு நேரம் பிடிக்கும். அதுவரை அடிபட்டவர் தெளிவாகவே பேசலாம். ஆனால் மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே ரத்தம் சேரச் சேர மூளைக்கு இடம் குறைகிறது. மண்டையோட்டில் இருக்கும் ஒரே பெரிய வாசல், தண்டுவடம் இறங்கும் அடித்துளைதான். அழுத்தம் மூளையை அந்தப் பக்கம் தள்ளும்போது, மூச்சை நடத்தும் மூளைத்தண்டு நசுங்குகிறது. அதற்கு முன்பே பெரும்பாலும் அடிபட்ட பக்கத்துக் கண்மணி விரிந்துவிடும்.

கைக்குழந்தைகளுக்கு மண்டை எலும்புகள் இன்னும் முழுதாகச் சேர்ந்திருக்காது. உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுவாக்கில் மூடும். இரண்டு வயதுவரை நீள்வதும் உண்டு. அழாமல் நிமிர்ந்திருக்கும் குழந்தைக்கு அது புடைத்து நின்றால் உள்ளே அழுத்தம் கூடியிருக்கலாம். வயிற்றுப்போக்கின்போது குழிந்துபோனால் நீர்ச்சத்து வற்றுகிறது. இரண்டுக்குமே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெரியவர்களுக்கு அப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆகவே தலையில் பலத்த அடிபட்டவரை, ரத்தம் வரவில்லை, வீக்கம் இல்லை என்று தனியே தூங்க விட்டுவிடக் கூடாது. தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கைகால் தளர்வது, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது — இதில் ஒன்று இருந்தாலும் உடனே சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். உரிய நேரத்தில் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்துவிட்டால் பலர் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். அதனாலேயே வீட்டில் இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வலிக்கிறது. முதியவர்களிடம் ரத்தம் வேறொரு விதமாகவும் கசியும்: குளியலறையில் வழுக்கி விழுந்து, வாரங்கள் கழித்து நடை தடுமாறும், நினைவு குழம்பும். “வயசாயிடுச்சு” என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை.

ஹெல்மெட்டின் பலனில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல் பட்டையுடையது. மோதும்போது அது நசுங்குகிறது. தலை நிற்க எடுக்கும் நேரம் சற்று நீள்கிறது. மண்டையில் இறங்கும் விசை அந்த அளவுக்குக் குறைகிறது. ஒருமுறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டை அதற்குமேல் நம்பக் கூடாது. காதுக்கு மேலேயே நின்றுவிடும் அரை ஹெல்மெட், பொட்டுக்குப் போதிய காவல் தராது. வார் மாட்டாத ஹெல்மெட், தலை தரையில் மோதுமுன் கழன்று உருண்டுவிடும்.

ஆனால் நல்ல ஹெல்மெட்டும் ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது. 2014 நவம்பர் 25 அன்று சிட்னி மைதானத்தில் 63 ரன்களோடு ஆடிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் பிலிப் ஹியூஸ் ஹெல்மெட் அணிந்திருந்தார். எகிறி வந்த பந்து ஹெல்மெட்டுக்குக் கீழே, இடப்பக்கக் கழுத்தைத் தாக்கியது. இரண்டு நாள் கழித்து இறந்தார், வயது 25. 7 கழுத்து முள்ளெலும்புகளின் இருபக்கமும் துளைகள் உண்டு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முள்ளெலும்புத் தமனி பெரும்பாலும் ஆறாவது எலும்பில் நுழைந்து, ஒவ்வொரு துளையாக ஏறி, முதல் எலும்பான அட்லஸின் மேல் வளைந்து அடித்துளைக்குள் போகிறது. ஹியூஸுக்குக் கிழிந்தது இந்தத் தமனி. ரத்தம் மூளையைச் சுற்றிப் பரவியது. அதன்பிறகு கிரிக்கெட் ஹெல்மெட்டுகளின் பின்புறம் கழுத்துக் காப்பு சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் 2023 அக்டோபர் முதல், வேகப்பந்தை எதிர்கொள்வோருக்கு அது கட்டாயம்.

கழுத்து எலும்புகள் சிறியவையாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. ஆமோதித்துத் தலையசைக்க அட்லஸ் உதவுகிறது. பக்கவாட்டில் தலை திரும்புவதில் ஏறத்தாழ பாதி, அட்லஸுக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவே நடக்கிறது. அசைவுக்காக உடல் இங்கே கனத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. விபத்தில் இந்த எலும்புகள் முறிந்திருந்தால், அடுத்த அசைவு தண்டுவடத்தையே நசுக்கிவிடலாம். உதரவிதானத்தை இயக்கி மூச்சு விட வைக்கும் நரம்பு, தண்டுவடத்தின் கழுத்துப் பகுதியிலிருந்துதான் கிளம்புகிறது.

சாலையில் விழுந்தவரைப் பார்த்ததும் ஓடிவருபவர்கள் நல்ல மனதோடுதான் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கிக் கிடத்துகிறார்கள். தீ, போக்குவரத்து போன்ற உடனடி ஆபத்து இல்லையென்றால் அவரை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி, தலையின் இருபக்கமும் கைகளால் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சு தடைப்படாதவரை ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம். கழற்றியே ஆக வேண்டுமென்றால் இருவர் வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடித்திருக்க, மற்றவர் வாரை அவிழ்த்து மெதுவாக வெளியே எடுக்க வேண்டும்.