அப்பா நட்ட செடி!

ஏற்காட்டில் வழக்கமாக மே மாதம் கோடை விழா. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி. பார்க்க வரும் கூட்டம் அலைமோதும். அந்தப் பூக்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் யார்?

ராப்பகல் வேலை

தோட்டத் தொழிலாளிகள்! பல வாரங்களுக்கு முன்பே விதை போட்டு, தொட்டிகளில் செடி வளர்க்கிறார்கள். விழா வாரத்தில் அவர்களுக்குத் தூக்கம் கிடையாது. வெட்டிய பூ சீக்கிரம் வாடிவிடும். ஆகவே மயில், யானை போன்ற பூ உருவங்களைக் கடைசி நேரத்தில்தான் செய்து முடிக்கவேண்டும். பந்தல் போடுகிறவர், விளக்குக் கட்டுகிறவர், குப்பை அள்ளுகிறவர் எல்லோருக்கும் இதே பாடுதான்.

ஊரே வேடிக்கை பார்க்கிறது. அவர்களுடைய பிள்ளைகளோ, "அப்பா, எங்களை எப்போ கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்கிறார்கள்.

பஸ் புறப்பட்டது!

சேலத்தில் இருந்து வந்து வேலை செய்தவருக்கு, விழா முடிந்த மறுநாள்தான் திருநாள். மனைவி, மக்களோடு பஸ் ஏறுகிறார். சுமார் 30 கிலோமீட்டர் தூரம். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. குழந்தைகள் எண்ணிக்கொண்டே வரலாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். தலை சுற்றும்!

மேலே போனால் சுமார் 1,500 மீட்டர் உயரம். குளுகுளு காற்று. ஏரியில் படகு விடலாம். சேர்வராயன் கோவில் குகைக்குள் குனிந்து சென்று கும்பிடலாம். காப்பித் தோட்டங்களையும் பார்க்கலாம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே கொண்டுவந்த பயிர் அது.

பூங்காவில் கூட்டம் குறைந்திருக்கும். வெட்டி வைத்த பூக்கள் வாடியிருக்கும். ஆனால், தொட்டிச் செடிகள் பூத்து நிற்கும்.

"இது எங்க அப்பா நட்டது!" என்று பிள்ளை கை நீட்டிக் காட்டும். ஒரு வார அலுப்பு அந்த நிமிடமே பறந்துவிடும்.