உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனால் என்ன ஆகும்? திருவண்ணாமலை கணக்கு இதுதான்!

தெருவிளக்கு எரியலையா? குடிதண்ணி வரலையா? கிராமத்தில் முதலில் போய் நிற்பது ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில்தான். திருவண்ணாமலை மாவட்டத்தின் 860 ஊராட்சிகளிலும் அந்தத் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. அதற்குள் தேர்தல் நடக்கவில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

அரசியலமைப்புச் சட்டத்தின் 243-இ பிரிவுப்படி பதவிக்காலம் ஐந்தாண்டுதான். அது முடிவதற்குள் தேர்தலை நடத்தியாக வேண்டும்.

அப்புறம் ஏன் தாமதம்?

தமிழகத்தில் உள்ளாட்சித் தேர்தல் மூன்று தவணையாக நடந்தது. திருவண்ணாமலை உட்பட 27 மாவட்டங்களின் கிராமங்களுக்கு 2019 டிசம்பர். பிரிக்கப்பட்ட 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. இதற்கிடையே ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் வேலையும் தொடங்கியது. 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சியானது. சுற்றியுள்ள ஊராட்சிகளும் இணைப்புப் பட்டியலில் வந்தன. எல்லை மாறினால் வார்டு வரையறையும் மாறும்.

இப்படி இடைவெளி விழுந்தால் யார் பொறுப்பு?

வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். மாவட்டத்தில் 18 ஒன்றியங்கள். அப்படியானால் ஒருவருக்குச் சராசரியாக 48 ஊராட்சிகள்!

நிதிக்கு என்ன ஆகும்?

2016 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தபோது, மூன்று ஆண்டுகள் தனி அலுவலர் ஆட்சிதான். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தப்பட்டது.

தனி அலுவலர் காலத்திலும் கிராம சபையில் கேள்வி கேட்கலாம். ஆனால், பதில் திருப்தியில்லை என்றால் ஓட்டுப் போட்டு அவரை மாற்ற முடியாது.