கூட்டம் கலைந்தபின் துடிக்கும் துருவ ஒளி

(பங்சாரில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

துருவ ஒளியைக் காண நார்வேக்கும் பின்லாந்துக்கும் செல்லும் மலேசியர்கள் உண்டு. பச்சைத் திரை வானில் அலைபாயும், படம் பிடிப்பார்கள், அது மங்கியதும் குளிர் தாங்காமல் அறைக்குத் திரும்பிவிடுவார்கள். நள்ளிரவுக்குப் பிறகுதான் பெரும்பாலும் இன்னொரு காட்சி தொடங்குகிறது. அதற்குத் துடிக்கும் துருவ ஒளி என்று பெயர்.

தீபாவளிக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் அணைந்து அணைந்து எரியும் சரவிளக்குகளை நினைத்துக் கொள்ளுங்கள். அதுபோல, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் மங்கலான ஒளித்திட்டுகள் சில வினாடிகளுக்கு ஒருமுறை தோன்றி மறைகின்றன. ஒவ்வொரு திட்டுக்கும் தனித் தாளம்.

கண்ணுக்கு எளிதில் புலப்படாத இதை எப்படி ஆராய்வது? வானம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கும் கேமராக்களைத் தரையில் நிறுத்தி, இரவெல்லாம் படமெடுக்கிறார்கள். லாப்லாந்துப் பகுதியில் 1997 முதல் 2007 வரை எடுத்த படங்களிலிருந்து சுமார் 400 நிகழ்வுகளை ஆய்வாளர்கள் தொகுத்தனர். அவற்றின் இடைநிலை நேரம் சுமார் 1.4 மணி. மேகமோ விடியலோ குறுக்கிட்டதால் பதிவு நின்றவையும் அவற்றில் உண்டு. எனவே உண்மையான நேரம் இன்னும் நீளமாக இருக்கலாம்.

துடிப்புக்குக் காரணம் என்ன? பூமியின் காந்தப் புலத்தில் எலெக்ட்ரான்கள் சிக்கிக் கிடக்கின்றன. அங்கு எழும் ஒருவகை மின்காந்த அலைகளை ஒலியாக மாற்றிக் கேட்டால், விடியற்காலைப் பறவைகளின் கீச்சொலி போல இருக்கும். அலை எழும்போதெல்லாம் எலெக்ட்ரான்களில் ஒரு பகுதி காற்றுமண்டலத்தில் கொட்டுகிறது. அங்கே ஒளி பிறக்கிறது. ஜப்பான் 2016-இல் ஏவிய அராசே செயற்கைக்கோள் இதை நேரடியாக அளந்தது. முடிவு 2018-இல் வெளியானது.

நமக்கென்ன என்று கேட்கலாம். அந்த எலெக்ட்ரான்கள் புறப்படும் வட்டாரமும், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் சுற்றும் வட்டாரமும் ஏறக்குறைய ஒன்றே! 2010 ஏப்ரலில் கேலக்ஸி 15 என்னும் செயற்கைக்கோள் கட்டளைக்குப் பணியாமல் தன் இடத்தை விட்டு நகர்ந்தது. அதை மீட்க டிசம்பர் வரை ஆனது. சூரியப் புயலே காரணமாக இருக்கலாம் என்று ஐயம் எழுந்தது. நம் வீட்டுத் தட்டு அலைவாங்கிக்கும் லாப்லாந்து வானுக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு.

2024 மே 10-ஆம் தேதி இரவு, லடாக்கின் ஹான்லே ஆய்வகத்தில் உள்ள முழுவான் கேமராக்களில் செந்நிற ஒளி பதிவானது. அது துடிக்கும் வகையன்று. அதைவிட உயரத்தில் பிறக்கும் வேறு ஒளி. ஆனாலும் அதைக் காட்டிக் கொடுத்ததும் இரவுதோறும் விழித்திருந்த கேமராதான்.

ஓர் இரவின் அழகு செய்தியாகிவிடும். ஆனால் துடிப்பின் காரணத்தை அறிய, யாரும் பார்க்காத ஆயிரம் இரவுகளின் படங்களைப் பொறுமையாக எண்ண வேண்டும். விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர்கள் இதை மனத்தில் கொள்வது நலம்.