ஐந்து மின்சைக்கிளுக்கு ஒரு பேனல்

ஆழ்வார்பேட்டையில் குடியிருப்பவர்கள் அன்றாடம் போய்வரும் இடங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகள், லஸ் முனை, பாண்டி பஜார், அடையாறு சிக்னல், மெரினா. எதுவுமே ஐந்து கிலோமீட்டரைத் தாண்டாது. இந்தத் தூரத்துக்குத்தான் காரை எடுக்கிறோம், ஸ்கூட்டரை எடுக்கிறோம், மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட சாலைகளில் மூச்சுமுட்ட நிற்கிறோம்.

மின்சைக்கிள் இந்தத் தூரத்துக்கென்றே பிறந்த வண்டி. மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதை மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. லைசென்ஸ் வேண்டாம், பதிவு எண் வேண்டாம். முழங்கால் வலி இருக்கும் அறுபது வயதுக்காரர்கூட மேம்பாலத்தில் மூச்சு வாங்காமல் ஏறலாம். இதை மொட்டை மாடி சோலாரில் சார்ஜ் செய்ய முடியுமா, எத்தனை பேனல் வேண்டும், அடுக்ககத்தில் இருப்பவர் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கான விடைகளைப் பார்ப்போம்.

எவ்வளவு மின்சாரம்?

சந்தையில் கிடைக்கும் மின்சைக்கிள்களில் பெரும்பாலும் 36 வோல்ட், 7.5 முதல் 10 ஆம்பியர்-மணி வரையிலான லித்தியம் பேட்டரி இருக்கிறது. பெரிய பேட்டரியையே எடுத்துக்கொண்டாலும் அதன் கொள்ளளவு 360 வாட்-மணிதான். சார்ஜரில் சூடாகிப் போகும் பகுதியையும் சேர்த்தால் முழு சார்ஜுக்கு 0.4 யூனிட்டுக்குச் சற்று அதிகமாகச் செலவாகும். அதில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓட்டலாம். மிதிப்பவர் நன்றாக மிதித்தால் இன்னும் கூடுதலாகவே ஓடும்.

சென்னை வெயிலில் 1 கிலோவாட் சோலார், ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தருகிறது. இன்று வீடுகளில் பொருத்தும் பேனல் ஒன்று 540 வாட் அளவில் இருக்கிறது. அப்படியானால் ஒரே பேனல் தினம் 2 யூனிட்டுக்கு மேல் தரும். ஐந்து மின்சைக்கிளை முழுமையாகச் சார்ஜ் செய்ய அது போதும். இரண்டே கால் மீட்டர் நீளமும் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும் உள்ள ஒரு கண்ணாடித் தகடு, ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் சைக்கிள் பயணத்துக்கு ஆற்றல் தருகிறது.

இங்கே ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் முழு சார்ஜுக்கு மூன்றரை ரூபாய்கூட ஆகாது. கிலோமீட்டருக்குப் பதினொரு பைசா. சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் போகும் ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் இருபது பைசா ஆகிறது. அதாவது ஸ்கூட்டரை விட்டுச் சைக்கிளுக்கு மாறுவதில்தான் பணம் மிச்சமாகிறது, ஈ.பி. மின்சாரத்திலிருந்து சோலாருக்கு மாறுவதில் சைக்கிள்காரருக்குக் கிடைப்பது சில்லறைதான். மின்சைக்கிளுக்காக மட்டும் சோலார் போடுவது கணக்குக்கு வராது. கட்டடத்துக்காகப் போடும் சோலாரில் சைக்கிளுக்கும் ஓர் ஓரத்தில் இடம் கொடுப்பதுதான் சரியான வழி.

பேனல் சைக்கிளில் வேண்டாம்

2021-ல் மதுரையைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் சைக்கிளிலேயே சோலார் பேனலைப் பொருத்தி ஓட்டிக் காட்டியது நாடு முழுக்கச் செய்தியானது. அந்த உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் சைக்கிள் கேரியரில் வைக்கக்கூடிய பேனல் 40, 50 வாட்டுக்கு மேல் போகாது. நாள் முழுக்க வெயிலில் நின்றால்தான் அது 0.2 யூனிட் தரும். பேட்டரி பாதிதான் நிறையும். ஆழ்வார்பேட்டையில் சைக்கிளை நாள் முழுக்க வெயிலில் நிறுத்துவதே தவறு. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. சித்திரை வெயிலில் விட்டால் அதன் ஆயுள் குறையும். பேனல் மாடியில் வெயிலில் கிடக்கட்டும். சைக்கிள் கீழே நிழலில் நிற்கட்டும். இரண்டையும் ஒயர் சேர்க்கும்.

பேனலில் பிறப்பது டி.சி. மின்சாரம். இன்வெர்ட்டர் அதை ஏ.சி.யாக மாற்றுகிறது, சைக்கிள் சார்ஜர் அதையே திரும்பவும் டி.சி. ஆக்குகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் இழப்பு. இந்தச் சுற்றுவழியைத் தவிர்க்கத்தான் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 48 வோல்ட் டி.சி.யில் நேரடியாக வீட்டை இயக்கும் முறையை உருவாக்கினார்கள். ராஜஸ்தான் பாலைவனக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அது வெளிச்சம் கொடுத்தது. ஈ.பி. கம்பி வீட்டு வாசலில் இருக்கும் நகரத்தில் அதன் தேவை குறைவு.

விலை எப்படி விழுந்தது

இந்தியாவில் 2014-ல் சோலார் மின்திறன் மொத்தமே 3,000 மெகாவாட்டுக்குள்தான் இருந்தது. 2025 ஜனவரி கடைசியில் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. தமிழ்நாட்டின் பங்கு 10,000 மெகாவாட்டுக்கு மேல். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் 2016-ல் இயங்கத் தொடங்கியபோது, உலகிலேயே ஒரே இடத்தில் அமைந்த மிகப் பெரிய சோலார் நிலையங்களில் ஒன்று என்று பேசப்பட்டது. அந்த மின்சாரத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா. மறு ஆண்டே ராஜஸ்தானின் பட்லாவில் ஏலம் 2 ரூபாய் 44 பைசாவுக்கு இறங்கியது. பேனல் விலை அவ்வளவு வேகமாகச் சரிந்தது.

நகரத்துக் கூரைகள் மட்டும் இந்த ஓட்டத்தில் பின்தங்கின. விதிவிலக்காக, சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் கூரையில் 1.5 மெகாவாட் பேனல்கள் இருக்கின்றன. அதன் பகல்நேர மின்தேவை முழுவதையும் அவையே தீர்க்கின்றன என்று 2022-ல் அறிவித்தார்கள். வீட்டுக் கூரைகளில் குஜராத் வெகுதூரம் முன்னே போய்விட்டது. வெயிலில் நாம் அவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்ல.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஆழ்வார்பேட்டையில் எரியும் விளக்குக்கான சாம்பல், நகரத்தின் மறு கோடியில் எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் போய் விழுகிறது. அனல் மின்நிலையங்களின் சாம்பலால் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகம் மேடிட்டு, மீன்பாடு குறைந்து, மீனவர்கள் பல ஆண்டுகளாக வழக்காடி வருகிறார்கள். தென்சென்னைக் கூரையில் விளையும் ஒவ்வொரு யூனிட்டும் வடசென்னையில் எரியும் நிலக்கரியைக் கொஞ்சம் குறைக்கிறது. வசதி உள்ளவர்கள் செய்ய வேண்டிய கடமை இது.

மாடியில் என்ன நடக்கும்

வெயில் அதிகம் என்றால் மின்சாரமும் அதிகம் என்று நினைக்கிறோம். பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும். அக்னி நட்சத்திர நண்பகலில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது எட்டில் ஒரு பங்கு ஆற்றல் வீணாகிறது. அதனால் நம் ஊரில் மாசி, பங்குனியில்தான் பேனல் நன்றாக உழைக்கும்; ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் மிகக் குறைவாகத் தரும்.

நிழல் இன்னொரு சிக்கல். ஆழ்வார்பேட்டையின் பழைய தெருக்களில் தூங்குமூஞ்சி மரங்கள் மூன்று மாடி உயரத்துக்குக் கிளை பரப்பி நிற்கின்றன. பேனல்களைத் தொடராக இணைத்திருந்தால், ஒன்றின்மேல் விழும் கிளை நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடும். அதற்காக மரத்தை வெட்டச் சொல்லும் ஒப்பந்தக்காரரை அப்போதே அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாக மைக்ரோ இன்வெர்ட்டர் வைத்தால் நிழல் விழும் பேனல் மட்டுமே பாதிக்கப்படும். அதற்குச் செலவு கொஞ்சம் கூடும். மரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

கடல் அருகில் இருப்பதால் பேனல்களைத் தாங்கும் சட்டங்கள் துருப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த வட்டாரத்தைப் புரட்டிப்போட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. சட்டம் எந்தக் காற்று வேகத்தைத் தாங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பலரும் ஏமாறும் இடம் மின்வெட்டு. பேட்டரி இல்லாமல் ஈ.பி. கம்பியோடு இணைத்த சோலார், கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. வெயில் கொளுத்தும் பகலிலும் நிற்கும். அந்த நேரத்திலும் மின்சாரம் வேண்டுமென்றால் தனியாகப் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும்.

அடுக்ககத்தின் கணக்கு

தனி வீடுகள் ஆழ்வார்பேட்டையில் அருகிவிட்டன. இருப்பவர்களுக்கு வழி எளிது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ என்றால் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று அதே மாதம் மத்திய அரசின் மின்நுகர்வோர் விதிகள் திருத்தப்பட்டன.

பன்னிரண்டு வீடுகள் உள்ள அடுக்ககத்தில் மொட்டை மாடி எல்லோருக்கும் சொந்தம். தனி ஒருவர் பேனல் வைக்க நினைத்தால் சண்டைதான் மிஞ்சும். ஆனால் அதே திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது: பொதுப் பயன்பாட்டுக்கான சோலாருக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். அந்தப் பொதுப் பயன்பாட்டில் மின்வாகன சார்ஜிங்கும் அடக்கம் என்று திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இது பலருக்கும் தெரிவதில்லை.

மோட்டார், லிஃப்ட், மாடிப்படி விளக்குக்கான பொது இணைப்பின் கட்டணத்தை 2022 செப்டம்பரில் யூனிட்டுக்கு 8 ரூபாயாக உயர்த்தினார்கள். அதன்பின் இன்னும் ஏறியிருக்கிறது. பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிக்கும் மிகாத, லிஃப்ட் இல்லாத சிறு அடுக்ககங்களுக்கு மட்டும் 2023-ல் சலுகை கிடைத்தது. 3 கிலோவாட் சோலாருக்கு முன்னூறு சதுர அடி போதும். கிலோவாட்டுக்குச் சுமார் 60,000 ரூபாய் என்றால் 1,80,000 ரூபாய்; மானியம் 54,000 போக 1,26,000. வீட்டுக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு. இரண்டு மாதத்தில் அது தரும் 720 யூனிட்டின் மதிப்பு 5,700 ரூபாய்க்கு மேல். அத்தனையும் பயன்பட்டால் நாலு ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். பேனல்கள் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். இன்வெர்ட்டரை மட்டும் இடையில் ஒரு தடவை மாற்ற வேண்டிவரும்.

மிஞ்சும் மின்சாரத்தை ஈ.பி. எப்படிக் கணக்கில் வைக்கும் என்பது இணைப்பின் வகையைப் பொறுத்தது. உங்கள் பொது இணைப்புக்கு எந்த முறை பொருந்தும் என்று உங்கள் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கடந்த ஓராண்டு பில்களைப் பார்த்து அந்தத் தேவைக்குள் அளவை நிறுத்திக்கொள்வது நல்லது. பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் தயாரானவையாக இருந்தால்தான் மானியம் கிடைக்கும்; விலையை மிகவும் குறைத்துச் சொல்பவரிடம் இதை முதலில் கேளுங்கள்.

பத்து மின்சைக்கிள்கள் மூன்று நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் ஏறினால் நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. பகல் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் ஏற்றினால் பேனலில் பிறந்த மின்சாரம் நேராகச் சைக்கிளுக்குப் போய்விடும். வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிள் அந்நேரம் வீட்டில் இருக்காதுதான். ஓய்வுபெற்றவர்கள், மந்தைவெளியிலிருந்து வேலைக்கு வரும் அக்காமார், வாட்ச்மேன், இஸ்திரிக்காரர் ஆகியோரின் சைக்கிள்கள் இருக்கும். அவர்களுக்கும் அந்தப் பிளக்கைக் கொடுக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. மூன்றரை ரூபாய் மின்சாரத்துக்குக் கணக்குப் பார்க்கும் அசோசியேஷன் நல்ல அசோசியேஷன் அல்ல.

சார்ஜ் போடும் இடம்

2024 பிப்ரவரியில் சீனாவின் நான்ஜிங் நகரில் ஓர் அடுக்ககத்தில் பிடித்த தீயில் 15 பேர் இறந்தார்கள். மின்சைக்கிள்கள் நிறுத்தியிருந்த தரைத்தளத்தில்தான் தீ தொடங்கியது. படிக்கட்டிலும் வழிநடையிலும் மின்சைக்கிள் நிறுத்துவதையும் சார்ஜ் போடுவதையும் சீனா 2021-லேயே தடை செய்திருந்தும் இது நடந்தது. நாம் தொடங்கும்போதே சரியாகத் தொடங்கலாம். படிக்கட்டுக்கும் வெளியேறும் வழிக்கும் தள்ளி, காற்றோட்டமான கார் பார்க்கிங் மூலையில் இடம் ஒதுக்குங்கள். தனி எம்.சி.பி., கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இரண்டும் அவசியம். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறெதையும் செருகக் கூடாது. இரவு முழுக்கச் சார்ஜில் விடாதீர்கள். வெள்ளம் புகும் தெரு என்றால் பிளக்கை இடுப்புக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள்.

அரசின் பக்கமும் பாக்கி இருக்கிறது. டெல்லி அரசு 2022-ல் மின்சைக்கிளுக்கு விலையில் நாலில் ஒரு பங்கு, 5,500 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. மின் ஸ்கூட்டர்களுக்கு வாரிக் கொடுத்த மத்தியத் திட்டங்கள் சைக்கிளை விட்டுவிட்டன. பல பத்தாண்டுகளாக அம்பத்தூரில் சைக்கிள் செய்துவரும் ஊருக்கு, ஓசூரில் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலைகளை வைத்திருக்கும் மாநிலத்துக்கு, இந்தப் புறக்கணிப்பு பொருந்தவில்லை. போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் செலவிடுவோம் என்று 2014-ல் சென்னை மாநகராட்சி கொள்கை வகுத்தது. டி.டி.கே. சாலையில் இன்றும் சைக்கிளுக்கென்று ஒரு கோடு இல்லை.

சாலை மாறக் காலம் எடுக்கும். மொட்டை மாடிக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. சூரிய வீடு மானியம் 2026-27 நிதியாண்டு வரைதான். உங்கள் அசோசியேஷனின் அடுத்த கூட்டத்தில் பொது மீட்டரின் ஓராண்டு பில்களை மேசையில் வையுங்கள். 3 கிலோவாட் சோலாரையும் பார்க்கிங்கில் நாலு பிளக் பாயின்ட்டையும் ஒரே தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்.