வேலியோரத்துக் கண்வலிக்கிழங்கு: தம்பதியர் அறிய வேண்டியவை



மழை பெய்து மண் ஈரமானதும் வேலியோரத்தில் ஒரு கொடி தலைகாட்டும். இலையின் நுனியே கம்பிபோலச் சுருண்டு, பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். பூ முதலில் பச்சை கலந்த மஞ்சளாக விரியும். பிறகு நெருப்பாகச் சிவக்கும். ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து விளக்குச் சுடர்போல நிற்கும். செங்காந்தள், கார்த்திகைப் பூ என்று நாம் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு இரண்டு கவையாகப் பிரிந்து கலப்பைபோல இருக்கும். அதனால் கலப்பைக்கிழங்கு என்று பெயர். கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வார்கள். பூ கண்ணுக்கு அழகு. கிழங்கும் விதையும் கடும் விஷம். இந்தச் செடியில் எந்தப் பாகமும் வாயில் வைக்கத் தக்கதல்ல.

மருந்துச் செடி எப்படி விஷமாகும்?

மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கம் விவசாயிகள் இதை விதைக்காகப் பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் என்ற சத்து, யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கத்துக்கு மருந்தாகிறது. "மருந்துக்குத்தானே வாங்குறாங்க, நாம சாப்பிட்டா என்ன?" என்று கேட்கலாம். டாக்டர் தரும் ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவுதான். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாரால் அளந்து சொல்ல முடியும்? ஒரு கிழங்கில் இருப்பதுபோல இன்னொன்றில் இருக்காது. வேகவைத்தாலும் விஷம் போகாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உண்டு.

நம் உடம்பில் உயிரணுக்கள் ஒன்று இரண்டாகப் பெருகிக்கொண்டே இருக்கின்றன. இந்த விஷம் அந்தப் பெருக்கத்தையே நிறுத்திவிடும். வேகமாகப் பெருகும் இடங்கள் முதலில் அடிபடும். குடல், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை, முடியின் வேர் ஆகியவை அந்த இடங்கள்.

"ஒரு துண்டு அரைச்சுக் குடுத்தா சரியாப் போயிடும்"

நாள் தள்ளிப் போயிருக்கும். மூத்த பிள்ளை இப்போதுதான் நடை பழகுகிறது. "இப்ப இன்னொண்ணு வேணாமே" என்று இருவரும் கவலைப்படும்போது, யாராவது வந்து இந்தக் கிழங்கைச் சொல்வார்கள். பிரசவ வலி எடுத்தும் குழந்தை பிறக்கத் தாமதமானால், கிழங்கை அரைத்து வயிற்றிலும் உள்ளங்காலிலும் பூசும் வழக்கமும் இருந்தது. சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. காதால் கேட்டதைச் சொல்கிறார்கள். சித்த மருத்துவமும் இதை நச்சு மூலிகையாகவே வைத்திருக்கிறது. சுத்தி செய்யும் முறை தெரிந்த வைத்தியர் தவிர வேறு யாரும் தொடக்கூடாத சரக்கு இது.

கருவைக் கலைக்க இதைத் தின்றால் தாயின் உயிருக்கே ஆபத்து. அரைத்தோ குச்சியில் தடவியோ பிறப்புறுப்பில் வைத்தாலும் விஷம் உள்ளே ஏறும். புண்ணாகிச் சீழும் பிடிக்கும். பிரசவம் தாமதமானால் பூச்சுப் போட்டுக் காத்திருப்பது தாய்க்கும் சேய்க்கும் கேடு. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

வேண்டாத கர்ப்பமானால் என்ன வழி?

ஒளிந்து செய்ய வேண்டிய அவசியமே இல்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 2021-இல் திருத்திய பிறகு, சட்டம் சொல்லும் காரணங்களுக்காக, 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப்படியும், சில குறிப்பிட்ட நிலைகளில் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்துப்படியும் கருக்கலைப்பு செய்துகொள்ளலாம். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் போதும். கணவர் கையெழுத்துக் கட்டாயமில்லை. விவரம் ரகசியமாக வைக்கப்படும். நாள் தள்ளிய உடனே கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். சீக்கிரம் போனால் வேலை சுலபம், ஆபத்தும் குறைவு. கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

அதைவிட நல்லது முன்யோசனை. ஆணுறை, காப்பர்-டி, மாத்திரை, ஊசி எல்லாம் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசம். எது ஒத்துவரும் என்று இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.

தின்றுவிட்டால்?

சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு தொண்டை எரியும். வாந்தி, வயிற்றுவலி, தண்ணீராகப் பேதி வரும். பேதி நின்றதும் "சரியாப் போச்சு" என்று ஏமாறாதீர்கள். அடுத்த சில நாட்களில்தான் ரத்த அணுக்கள் குறையும். சிறுநீரகம், இதயம் கெடும். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் முடி கொட்டும்.

உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வாந்தி பேதிக்குக் காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மீதிக் கிழங்கு இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எதற்காகத் தின்றார் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நேரம் வீணாகும், உயிரும் போகும்.

பயிரிடும் குடும்பங்களுக்கு

விதையைக் காயப்போடும் களத்தில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். அது செக்கச்செவேலென்று மணிபோல இருக்கும். கண்டதும் வாயில் போடத் தோன்றும். விதைக் கிழங்கைச் சமையல் கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள். பூவுக்குப் பூ மகரந்தம் தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோறு பிசையவோ, பிள்ளைக்குப் பால் கொடுக்கவோ கூடாது. ஆடுமாடும் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூவை வேலியில் பாருங்கள். கிழங்கை வாயருகே கொண்டு போகாதீர்கள். அடுத்த குழந்தை எப்போது என்பதை நீங்கள் இருவரும் பேசி, செவிலியரிடமும் டாக்டரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தாய் நலமே குடும்ப நலம்!