வெண்மணலும் கருவானமும்

தனுஷ்கோடிக்குப் போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் பெரும்பாலும் ஒரே குறையைப் பார்க்கிறேன். நேரில் கண் கூசவைக்கும் மணல், படத்தில் அழுக்குத் துணிபோல மங்கிக் கிடக்கும். எதிரே இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று எண்ணியே கேமராவின் ஒளிமானி அளக்கிறது. காட்சி முழுக்க வெண்மணலானால், வெளிச்சம் கூடிவிட்டதென்று குறைத்துவிடும். அதனால் அங்கே எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ கூட்டிவைத்துத்தான் எடுப்பேன். எடுத்ததும், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்ப்பேன். மேடு வலது ஓரத்தில் முட்டி நின்றால் மணலில் காற்று வரைந்த வரிகள் அழிந்துபோயின என்று அர்த்தம். எந்த மென்பொருளும் அவற்றைத் திருப்பித் தராது.

அங்கே 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தை எல்லோரும் நின்ற வாக்கில், நேர் எதிரே, நடுவில் வைத்து எடுக்கிறார்கள். மண்டியிட்டுப் பாருங்கள். சுவர் தொடுவானத்துக்கு மேலே எழும். வளைவுக்குள் வானம் மட்டும் தெரியும்படி இரண்டடி இடமோ வலமோ நகர்ந்தால் போதும். காலை வெயில் சாய்வாக விழும்போது கல்லின் சொரசொரப்பு தனியாகப் பேசும். உச்சிவெயிலில் அது ஊமையாகிவிடும்.

கறுப்பு வெள்ளையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிறத்தை வெறுமனே உருவிவிட்டால், பழுப்புச் சுவரும் நீல வானமும் ஒரே சாம்பலாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எது கறுக்க வேண்டும், எது வெளுக்க வேண்டும் என்று படம் எடுப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். 1927 ஏப்ரலில், கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை எடுக்கப் போன புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸுக்கு 25 வயது. முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒரு தகடு எடுத்தார். பாறை தனக்குள் எழுப்பிய பிரமிப்பு அதில் வராது என்று தோன்றவே, அடர்சிவப்பு ஃபில்டருக்கு மாறினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்ததால் வானம் கிட்டத்தட்டக் கறுத்துப்போனது. பாறை விஸ்வரூபம் எடுத்தது. ஷட்டரை அழுத்துமுன்பே முடிந்த படத்தை மனதில் பார்த்துவிட்டார் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம்.

இன்று அந்தக் கண்ணாடியின் வேலையை லைட்ரூம் போன்ற மென்பொருள் செய்கிறது. ரா கோப்பாக எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றியபின் நீல ஸ்லைடரைக் குறையுங்கள், வானம் இறங்கும். ஆரஞ்சைச் சற்றே கூட்டுங்கள், சுவர் மேலெழும். அளவு மீறினால் சுவரின் விளிம்பில் வெள்ளைக் கோடு படரும், வானத்தில் புள்ளி புள்ளியாய் நாய்ஸ் தெரியும். தொடுவானத்தை ஒட்டிய வெளிறிய பகுதி அவ்வளவாக அசையாது, அங்கே நீலமே குறைவு. மேகம் முழுக்க மூடிய நாளிலோ ஸ்லைடருக்குப் பிடிக்க எதுவுமில்லை. அன்று தொடுவானத்தை ஃப்ரேமின் உச்சிக்கு ஏற்றிவிட்டு மணல் வரிகளை எடுங்கள்.